கருவாடு சுட்டது நான்தான்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். மண்ணூர்பேட்டையில் ஒரு பழைய லேத்தை வாடகைக்கு எடுத்துத் தொடங்கினேன். இன்றைக்குப் பதினோரு மிஷின் ஓடுகிறது. நூம்பலில் முள்ளும் சேறுமாகக் கிடந்த இடத்தில் மூன்று மாடி எழுப்பினேன். “அங்க பாம்புதான் குடி வரும்” என்று சிரித்த சம்பந்தி, இப்போது அதே வீட்டின் இரண்டாம் மாடியில்தான் இருக்கிறார். இதெல்லாம் ஊருக்கே தெரியும். இதற்கெல்லாம் முன்னால், ஒன்பது வயதில், சளி பிடித்த ஒரு பூனையைப் பிழைக்க வைத்தவனும் நான்தான். அது மட்டும் ஊருக்குத் தெரியாது.

பூனை அக்காவுடையது. அப்போது மண்ணூர்பேட்டையில் லைன் வீட்டில் இருந்தோம். எட்டுக் குடித்தனம், எல்லாரும் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பங்கள், நடுவில் பொது முற்றம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, தபசு காலம் அது. அது தொடங்குகிற சாம்பல் புதனன்றே அம்மா கருவாட்டு டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள். ஈஸ்டர் வரை அதன் பேரைக்கூட எடுக்கக்கூடாது. அந்த ஈஸ்டருக்கு எனக்கு முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை வேறு. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கோயில் உபதேசியாரின் நோட்டில் என் பேர் ஏறியிருந்தது. சின்னத் தப்புக்கும் பேரை அடித்துவிடுகிற மனுஷர் அவர்.

பூனைக்கு மூக்கு ஒழுகியது, கண் ஒட்டிக்கொண்டது. மூன்று நாளாக எதையும் தொடவில்லை. பால் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அது என்னவென்றே தெரியாததுபோல் பார்த்தது. சித்தப்பா பெரிய வைத்தியர்போல வந்து தலைவலித் தைலத்தை அதன் மூக்கில் தடவினார். வாயில் நுரை தள்ள அது கட்டிலுக்கடியில் பாய்ந்தது. அக்கா அழுதுகொண்டே ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அன்றிலிருந்து அவளும் சாப்பிடவில்லை. அம்மா அதை ஒருசந்தி விரதம் என்று நினைத்துக்கொண்டாள்.

“எம் பொண்ணப் பாரு, இந்த வயசுலயே இன்னா பக்தி!” என்று லைன் முழுக்கப் பெருமை.

அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். “அது சாவப் போவுதுடா.”

“ஒண்ணியும் சாவாது. நான் கீறேன்ல?”

யோசித்தேன். சளி பிடித்தால் எனக்கு அம்மாவின் குழம்பே மண்ணாக இருக்கும். பூனைக்கும் அதேதானே? மூக்கைத் திறக்க வேண்டும், பிறகு பலமான வாசனையைக் காட்ட வேண்டும். போன மாதம் பேத்தியின் பூனைக்குச் சளி பிடித்தபோது, வேலப்பன்சாவடியில் இருக்கிற, பெரிய படிப்புப் படித்த கால்நடை டாக்டரும் இதைத்தான் சொன்னார். ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். முற்றத்தில் எல்லாரும் கூடிப் பதினாலு ஸ்தலச் சிலுவைப்பாதை ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பூனையைக் குளிக்கிற அறைக்குள் தூக்கிப் போய்க் கதவைச் சாத்தி, வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டு, எட்டத்தில் பூனையை மடியில் போட்டு உட்கார்ந்தேன். அறை முழுக்க ஆவி. பத்து நிமிஷத்தில் நாலு தும்மல். வெதுவெதுப்பான துணியால் மூக்கைத் துடைத்தேன். பிறகு பரணில் ஏறினேன். கயிற்றை அவிழ்த்து நாலு நெத்திலிக் கருவாட்டை எடுத்துக் கரியடுப்பில் சுட்டேன்.

பூனை மூக்கைத் தூக்கியது. நடந்து வந்தது. கறுக்கு முறுக்கென்று கடித்தது.

அதற்குள் ஒன்பதாம் ஸ்தலத்தில் ஜெபம் நின்றுபோயிருந்தது.

“இன்னாக்கா, கருவாட்டு வாசன உன் ஊட்லருந்துதான் வருது!” என்றது அம்மாவிடம் ஒரு குரல்.

“யாரு பண்ண வேலை இது?” என்றார் உபதேசியார். நோட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

அம்மா உள்ளே ஓடி வந்தாள். பூனையைப் பார்த்தாள், கரி படிந்த என் கையைப் பார்த்தாள், வாசலில் கண் விரிய நின்ற அக்காவைப் பார்த்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு “நான்தான்” என்று சொல்லப் புறப்பட்டேன். என்னை ஒரு கையால் பின்னால் தள்ளிவிட்டு அம்மா வெளியே போனாள்.

“நான்தான் சுட்டேன் உபதேசியாரே. வாய் கேக்கல.”

முற்றமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த லைனை விட்டு வரும்வரை அவளுக்குக் கருவாட்டக்கா என்றுதான் பேர். அக்கா அன்று இரண்டு தட்டுக் கஞ்சி குடித்தாள். நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். நான் செய்த வைத்தியத்தை அம்மா திருடிக்கொண்டாள் என்று. ஈஸ்டரன்று வெள்ளைச் சட்டை போட்டு, முதல் வரிசையில் நின்று புதுநன்மை வாங்கினேன். அம்மா சொன்னதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

அம்மா போய்விட்டாள். இன்றும் வீட்டில் நாலு பேர் கூடினால், தபசு காலத்தில் கருவாட்டுக்கு ஆசைப்பட்ட அம்மாவின் கதை வந்துவிடுகிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். போதும். பரணில் ஏறியது நான், கயிற்றை அவிழ்த்தது நான், சுட்டது நான். இனி அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பேரைப் போட்டுச் சொல்ல வேண்டும். அம்மாவின் பேரை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும்.