ரோதை முனிக்கு ஏற்றாத கற்பூரம்

நான் இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, விடுமுறைக்கு எங்கள் ஊரான அக்கரப்பத்தனைக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மீதே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அப்பா தேயிலை ஃபெக்டரியில் ரோலர் இயந்திரத்தில் வேலை செய்தார். ஞாயிறு ஆராதனைக்குத் தவறாதவர். அன்று காலை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இயந்திரச் சக்கரத்துக்குக் காவலான ரோதை முனிக்கு அவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் தட்டைப் பிடுங்கி வெளியே எறிந்தேன்.

"ஞானஸ்நானம் வாங்கிட்டு கல்லக் கும்பிடுறீங்களே, வெக்கமா இல்லையா?"

"சாமிப் படிப்பு படிக்கிற புள்ள சொல்லுது, விடுங்கண்ணே" என்று ஒருவர் சிரித்தார். அப்பா வெளியே போய்த் தட்டை எடுத்து வந்தார்.

மறுநாள் அவர் கற்பூரம் ஏற்றவில்லை. அப்பா வந்தவுடனே, ஃபெக்டரி அதிகாரியான டீமேக்கர், இயந்திரத்தை ஓட்டச் சொன்னார். நைந்திருந்த பெல்ட் அறுந்து, அப்பாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்: "கற்பூரம் எரியிற வரைக்கும் மெஷின ஓட்டச் சொல்லமாட்டாங்க தம்பி. அதுக்குள்ளதான் பெல்ட்டத் தொட்டுப் பார்ப்போம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா?"

"நீ கேக்கலையே."

அந்தக் கல்லூரித் தவணையில் விக்கிரக வணக்கத்தைக் கண்டித்து நான் எழுதிய கட்டுரைக்கே வகுப்பில் முதலிடம்.

குருவானவராகி முதன்முதலாக நற்கருணை கொடுத்த அன்று, அப்பா முழங்காலிட்டு மூன்று விரல் கையை நீட்டினார். அப்பத்தை வைக்கும்போது 'உமக்காகப் பிட்கப்பட்ட கிறிஸ்துவின் சரீரம்' என்று சொல்ல வேண்டிய வார்த்தைகள் என் வாயில் வரவில்லை. அப்பா கையை மடக்காமல் காத்திருந்தார்.