இரண்டு புள்ளிக்கான பெயிண்ட்

ஜகார்த்தாவில் கட்டடங்களுக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கித் தரும் அலுவலகத்தில் எனக்கும் நிங்சிக்கும் அடுத்தடுத்த மேசை. மின்சாரச் சிக்கனத்துக்கு இத்தனை புள்ளி, மழைநீரைச் சேமித்தால் இத்தனை என்று கட்டடக்காரர்கள் அனுப்பும் ஆதாரங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. காகிதத்தில் ஒரு தேதி விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

அவள் கணவன் பர்ஜோ பெயிண்டர். ஜாவா வழக்கப்படி அவனை மரியாதையாக 'மாஸ்' என்று கூப்பிடுவாள். நாங்கள் கவனித்த இருபது மாடிக் கட்டடத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே அவள்தான். நச்சுப் புகை இல்லாத பெயிண்டுக்கு இரண்டு புள்ளி உண்டு. அங்கே அதைத்தான் அடிப்பார்கள், அவன் உடம்புக்கு நல்லது என்று நம்பினாள்.

மூன்றாவது வாரம் அவனுக்கு இருமல் வந்தது. ஒருநாள் மதியம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"கண்ணெல்லாம் எரியுது நிங். டப்பாவுல போட்டிருக்கிற பெயிண்ட் இது இல்லபோல."

"கம்பெனி லெட்டர் எங்கிட்ட இருக்கு மாஸ். டப்பா போட்டோவும் இருக்கு. நீங்க சிகரெட்ட விடுங்க, இருமல் தானா போகும்."

"ஆபீசரம்மா சொன்னா என் மூக்கு கேட்டுக்க வேண்டியதுதான்," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் பதினைந்தாம் மாடியில் மூச்சுத் திணறி விழுந்தான். பெயிண்ட் புகை நுரையீரலைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். அவன் துணிப்பையை எடுக்க நிங்சி அந்த மாடிக்குப் போனாள். பெயரில்லாத பீப்பாயிலிருந்து மொண்டு, பசுமை முத்திரை ஒட்டிய டப்பாக்களில் இரண்டு பேர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தவளுக்குக் கண் எரிந்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது பர்ஜோ ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "உன் கட்டடம் பாஸாயிடுமா?" என்றான்.

"ஆயிடும் மாஸ். பேசாதீங்க."

பார்த்ததை அவன் தேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவன் தேறவில்லை. மறுநாள் காலை போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும், நேரில் பார்க்காமல் ஒப்புதல் போட்ட தன் தவறையும் சேர்த்து சான்றிதழ் வழங்கும் மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுதினாள். விசாரித்தார்கள். பெயிண்ட் ஒப்பந்தக்காரரை நீக்கி, இரண்டு புள்ளியை வெட்டினார்கள். தங்கத் தரச் சான்றிதழுக்கு வேண்டியதைவிட ஏற்கெனவே ஐந்து புள்ளி கூடுதலாக இருந்தது. அதனால் தரம் மாறவில்லை.

கட்டட மேலாளர் ஆறுதலாகத்தான் ஃபோன் செய்தார். "கவலைப்படாதீங்கம்மா, சான்றிதழ் தப்பிச்சிடுச்சு."

அவள் ஃபோனை என்னிடம் நீட்டினாள். பிறகு கேட்டாள்: "அவர் சொன்ன அன்னிக்கே ஒரு டப்பாவப் போய்த் திறந்து பாத்திருக்கலாம்ல?"

பார்த்திருக்கலாம்தான். அந்த வாரமே அவள் வேலையை விட்டாள்.