நாலு முழம் பிச்சியும் ஒரு திறந்த காரும்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் சங்கரசுப்புவுக்கு மூடிய வண்டி ஆகாது. பஸ் ஏறினால் பத்தாவது நிமிடம் வாந்தி. ஏசி கார் என்றால் கதவைச் சாத்தியதுமே வாந்தி. தன் கல்யாணத்துக்கே மாப்பிள்ளைக் காரில் ஏறாமல் மொபெட்டில் போய் இறங்கியவர். அதற்குப் பிறகும் இருபத்தாறு வருடம் மொபெட்தான். ஐம்பத்திரண்டாவது வயதில் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி இருசக்கர வண்டியே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கார் வாங்கிக்கிடுங்க."

"வாங்கிரலாம் சார். அதுக்குள்ள உக்காரணுமே!"

குற்றாலத்தில் ஓர் எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில் சங்கரசுப்புவுக்கென்றே ஒரு கார் நின்றது. சிவப்பு நிறம், தரையோடு தரையாக உடம்பு, இரண்டே சீட். ஒரு காலத்தில் துணிக்கூரை இருந்ததாம். அதை எலி தின்றுவிட்டது. சங்கரசுப்பு ஏறி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. வயிறு சும்மா இருந்தது. அன்றே பேசி முடித்துவிட்டார்.

வண்டி ஊருக்கு வந்த நாளில் அவர் மனைவி பேச்சி அதை இரண்டு முறை சுற்றி வந்தாள். "மீதி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

ஒரு வருடம் அந்தக் காரில்தான் போனார்கள், வந்தார்கள். காற்று இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. பேச்சி பேசிக்கொண்டே வருவாள். சங்கரசுப்பு ரோட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். அவர்கள் இருவரும் சண்டையே போடாத வருடம் அது.

சிக்கல் ஆனி மாதம் வந்தது. ஆனிக்காற்று செங்கோட்டைப் பக்கமிருந்து ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த சமயம், வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாணம். பேச்சி நாலு முழம் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். புளியங்குடி தாண்டுவதற்குள் பூ ஒவ்வொரு கண்ணியாகக் கழன்று பறக்க ஆரம்பித்தது. பின்னால் வந்த மினிபஸ்காரர் கண்ணாடியில் பூ வந்து விழுந்தபடி இருக்க, யாரோ பெரிய ஆள் போகிறார் என்று நினைத்து முந்தாமலே வந்தார். மண்டபத்து வாசலில் இறங்கியபோது பேச்சியின் தலையில் இருந்தது ஒரு ஹேர்பின்னும் வெறும் நாரும்தான்.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த உறவுக்காரி பேச்சியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மயினி, அண்ணன் நல்லாத்தான இருக்காக? எங்களுக்கு ஒரு தாக்கல் தகவலும் வரலையே!"

பின்னாலேயே சங்கரசுப்பு வேட்டியை உதறிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது.

பேச்சி பந்தியில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "பூக்கடைக்காரன் பொண்டாட்டி தலையில பூ இல்ல. நீங்க உசுரோட இருக்கும்போதே உங்க சாவுக்கு எனக்குத் துட்டி கேக்காக. இனிமே அந்த வண்டில ஏற மாட்டேன்," என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் போனாள். சங்கரசுப்பு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஊர்வரைக்கும் ஓட்டி வந்தார்.

மறுநாள் காலையில் ஷமீராவின் கடைக்குப் போனார். ஆட்டோக்களுக்கு சீட் கவர், மழைக்குத் தொங்கவிடும் பக்கப்படுதா எல்லாம் தைக்கிறவள் ஷமீரா. ஊரில் பாதி ஆட்டோ அவள் தைத்த படுதாவோடுதான் ஓடுகிறது.

"ரெண்டு பக்கமும் மறைக்கணும்மா. ஆனா மூடிரக் கூடாது. மூடுனா எனக்கு வயித்தப் பெரட்டும்."

"மறைக்கணும், மூடக் கூடாது. சரி அண்ணாச்சி, பாப்போம்."

முதலில் ஆட்டோவுக்குத் தைப்பது போலவே பட்டன் வைத்த படுதா தைத்து மாட்டினாள். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் இரண்டு படுதாவும் உப்பிக்கொண்டு வண்டியை ஒரு பக்கமாக இழுத்தன. பட்டன்கள் பட்பட்டென்று தெறித்தன. ஒன்று சங்கரசுப்புவின் காதில் பட்டது.

ஷமீரா யோசித்தாள். பிறகு அவர் கடையிலிருந்தே ஒரு பந்து பூச்சரம் கேட்டு வாங்கி, சாண் சாணாக வெட்டி, காரில் எட்டு இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். "ஓட்டுங்க அண்ணாச்சி, அம்பதுல போங்க," என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்தாள். சாமி ஊர்வலம் என்று நினைத்து ரோட்டோரம் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வண்டியை நிறுத்தியதும் ஷமீரா ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, கதவுல கட்டுன பூ பின்னால பறக்கு. சீட்டுக்குப் பொறத்தால கட்டுனது மட்டும் முன்னால பறக்கு! காத்து மேல போயி, சுத்தித் திரும்பி வந்து பின்கழுத்துல அடிக்கு. களவாணிப்பய மாதிரி பொறவாசல் வழியா வருது."

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கதவுகளின் மேல் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பதித்த தடுப்புகள். முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் காற்றை வெளியே தள்ளிவிட உள்ளங்கை அகலத்தில் இரண்டு சிறகுகள். சீட்டுக்குப் பின்னால் குறுக்காக ஓர் அக்ரிலிக் பலகை. அது போர்டு எழுதும் கடையில் கிடந்த மிச்சம். எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தாலும் வெயில் பட்டால் 'பல் பிடுங்கப்படும்' என்று லேசாகத் தெரியும். மேலே வானம் அப்படியே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனவடலிசத்திரத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு. பேச்சி அரை மனதோடு ஏறினாள். ஊர் எல்லையைத் தாண்டி வண்டி வேகமெடுத்தது. இரைச்சல் இல்லை. பூ அசையவில்லை. பேச்சி தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சங்கரசுப்புவுக்கு ஒரே சந்தோஷம். மொபெட் காலத்திலிருந்தே வண்டி ஓட்டினால் பாடுவது அவர் பழக்கம். காற்றில் யாருக்கும் கேட்டதில்லை. பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து ஓர் இழுவை இழுத்தார்.

பேச்சி பதறிப்போனாள். "நிறுத்துங்க! நிறுத்துங்க! வயித்தப் பெரட்டுதா?"

"இல்லட்டி. பாடுதேன்."

பேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பொதன்கெழம எனக்கு டெஸ்ட் இருக்கு. காலையில கடைக்கு வர மாட்டேன்," என்றாள்.

"என்ன டெஸ்ட்? ரத்த டெஸ்டா?"

"லைசென்ஸ் டெஸ்ட். கார் ஓட்டப் படிக்கேன்னு சொன்னேன்லா?"

வண்டி தானாக ஓரமாகப் போய் நின்றது. சுற்றிலும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"எப்பட்டி சொன்ன?"

"தைப்பூசத்துக்குப் போகையில சொன்னேன். தலையாட்டினீக. ஃபீஸ் கட்டட்டுமான்னு கேட்டேன். அதுக்கும் தலையாட்டினீக."

"காலையில கோயிலுக்குப் போறேன்னுல்லா போன?"

"கோயில் வாசல்லதான டிரைவிங் ஸ்கூல்காரக ஏத்திக்கிட்டுப் போவாக."

"ஏட்டி, நீ சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேக்கல."

"கேக்காமலா தலையாட்டினீக?"

"அது காத்துக்கு ஆடிச்சுட்டி!"

பேச்சி அசரவில்லை. அவர் தலையாட்டிய மற்றவற்றையும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆடியில் அவள் அண்ணன் குடும்பம் இரண்டு வாரம் வந்து தங்குவது. சங்கரசுப்பு ராத்திரி புரோட்டாவை விடுவது. மாடியில் ஓர் அறை கட்டுவது. எல்லாவற்றுக்கும் இடமும் நாளும் வைத்திருந்தாள். குருவிகுளம் போகும்போது ஒன்று, ராஜபாளையம் போகும்போது ஒன்று. சங்கரசுப்புவுக்கு முதல் முறையாகத் திறந்த வண்டியிலும் வயிற்றைப் பிரட்டியது.

மறுநாள் ஷமீராவிடம் போய் நின்றார். "அந்தப் பின்பலகைய மட்டும் வேணுங்கும்போது கழட்டி வச்சுக்கிட முடியுமாம்மா?"

ஷமீரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "திருகாணிதான் போட்டிருந்தேன் அண்ணாச்சி. காலையில நீங்க கண்ணு முழிக்கும் முன்ன அக்கா வண்டிய இங்கன கொண்டாந்து, கழட்டவே முடியாதபடி ரிவிட் அடிக்கச் சொல்லிட்டாக. அவகளேதான் ஓட்டிட்டு வந்தாக. நல்லாத்தான் ஓட்டுதாக!"

புதன்கிழமை டெஸ்டில் பேச்சி பாஸாகிவிட்டாள். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே வாசுதேவநல்லூருக்கு ஒரு மறுவீட்டு விருந்து. பேச்சி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தலையில் ஐந்து முழம். சங்கரசுப்பு இடது சீட்டில் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவள் என்ன கேட்டாலும் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்," என்றார்.

புளியங்குடி டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது தெரிந்தவர் ஒருவர் கிளாஸும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வண்டிய வித்துட்டீரா?"

"இல்ல வே," என்றார் சங்கரசுப்பு. "இடம் மாறி உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."