தானாக நிற்கும் மெஷின்

விருதுநகரில் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அங்கன நெருப்பு உண்டா?"

"கண்ணாடியும் தண்ணியும் தராசும்தாம்மா" என்றேன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். எண்ணெய் மில்காரர்களும் மாட்டுத்தீவன வியாபாரிகளும் கடலைப் புண்ணாக்கு, எள், தவிடு என்று கொண்டுவந்து தருவார்கள். அதில் எண்ணெய் எவ்வளவு என்று சொல்லவேண்டும். இடித்த புண்ணாக்கைக் காகிதக் குப்பியில் அடைத்துக் கண்ணாடிக் குழாய்க்குள் இறக்குவோம். கீழே குடுவையில் பெட்ரோலியம் ஈதர், அதற்கடியில் ஹீட்டர். ஆவி மேலே போகும். அங்கே சுற்றி ஓடும் தண்ணீரில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் புண்ணாக்கில் விழுந்து எண்ணெயைக் கரைத்துக்கொண்டு இறங்கும். மறுபடி மேலே போகும். காலையில் ஏற்றினால் முடிய சாயங்காலமாகிவிடும். அதுவரை பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும். தண்ணீர் நின்றுபோனால் ஆவி குளிராமல் அறைக்குள் பரவிவிடும். அது பெட்ரோலுக்கு அண்ணன். அந்த நிற்கிற ஆள் நான்தான்.

விருதுநகரில் தண்ணீரை நம்பி ஒரு வேலை செய்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்திய சீசனில் ஒரு மத்தியானம், நான் தராசுப் பக்கம் திரும்பியிருந்தபோது மாடித் தொட்டி வற்றிவிட்டது. முதுகுக்குப் பின்னால் புஸ் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நீல வெளிச்சம்.

சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுப்பது இது. புஸ் என்று கேட்டால் எதையும் எடுக்காதே, யாரையும் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு. நான் ஓடினேன். ரோட்டைத் தாண்டி, பருப்பு குடோன்களைத் தாண்டி, மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே நின்றேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

கூடத்தை நடத்திய சார் மெயினை அணைத்து, ஈரச்சாக்கைப் போட்டு ஒரு நிமிஷத்தில் தீயை அமுக்கிவிட்டாராம். பிறகு ஸ்கூட்டரில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சாக்க எடுத்துக் குடும்மானு திரும்புறேன், ஆளையே காணோம். ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கலாம் நீ" என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க எங்க ஊர்ல பொறக்கல சார்" என்று சொல்லிவிட்டு, பையைக் கூட எடுக்கப் போகாமல், அவரிடமே பஸ்ஸுக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன்.

அம்மா அப்போதுதான் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்து, கையிலிருந்த அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"செருப்ப எங்க?"

வார் அறுந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அம்மா கழுவின கையைத் துடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாசுக் கம்பெனியில் அறைக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். வாசலில் வரிசையாகக் கழற்றி விட்டுவிட்டு, கதவோரம் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்பார்கள். அப்பா அச்சங்குளத்தில் கையால் மருந்து சலித்துக் கலக்கும் அறையில் வேலை பார்த்தார். வெடி ரசாயனத்துக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பேர். அந்த அறை வெடித்துப் போன அன்றைக்கு, தள்ளிக் கிடந்த செருப்பை வைத்துத்தான் உள்ளே இருந்தது அவர் என்று அம்மா அடையாளம் சொன்னாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு அதே கம்பெனிக்காரர்கள் அம்மாவுக்குத் திரி வெட்டுகிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். என்னை வேதியியல் படிக்கவைத்தது அந்தத் திரிதான்.

"நாளைக்கு நீ போகக் கூடாது" என்றாள் அம்மா. "திருத்தங்கல்ல காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸுல ஆள் கேக்காக. அங்கன போ."

"நீ மட்டும் போற?"

"எனக்குப் பளகிப்போச்சு."

"எனக்கும் பளகிரும்."

"பளகிறக் கூடாதுன்னுதான தாயி ஒன்னையப் படிக்க வச்சேன்."

வேலையை விட்டுவிட எனக்கு மனசில்லை. படித்த படிப்புக்கு அந்த வட்டாரத்தில் இன்னொரு கூடம் கிடையாது. காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனால் அத்தோடு என் வேதியியலுக்கும் ஆணியடித்தாயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தத் தீபாவளியைக் கழித்தோம்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில் சார் ஆள் விட்டார். தானாக வேலை செய்கிற மெஷின் வாங்கியிருக்கிறார், நான் வந்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார். அம்மாவிடம் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவை வந்து பார், பிறகு நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன்.

கம்பெனிக்குப் போகிற மாதிரியே அம்மா பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். உரசினால் பொறி பறக்குமே என்று கொண்டை ஊசியை உருவி என் கையில் கொடுத்தாள். பிறகு கதவோரச் சுவரைத் தடவித் தடவித் தேடினாள். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "இங்கன தகடு இல்லம்மா" என்றேன். தகடு இல்லாத இடத்துக்குள் எப்படி வருவது என்று நின்றவள், வெளியே இருந்த இரும்புத் தண்ணீர்க் குழாயை ஒரு கையால் பிடித்துவிட்டு உள்ளே வந்தாள். இந்தத் தடவை சார் சிரிக்கவில்லை.

மெஷின் ஒரு ஆள் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. ஆறு குப்பிப் புண்ணாக்கை ஒரே நேரத்தில் வைக்கலாம். தானே குப்பியை ஈதருக்குள் இறக்கும், தானே தூக்கும், முடிந்ததும் ஈதரைத் தனியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம்தான். சார் விளக்கியதில் எதையும் அம்மா காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

"தண்ணி நின்னா?" என்று கேட்டாள்.

சார் குழாயை மூடினார். சற்று நேரத்தில் பீப் பீப் என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹீட்டர் தானாக அணைந்துவிட்டது.

"இன்னொருக்க மூடுங்கய்யா."

திறந்து, ஓடவிட்டு, மறுபடி மூடினார். மறுபடி நின்றது. அம்மா கண்ணெடுக்காமல் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல ஆரு நிக்கணும்?"

"யாரும் நிக்க வேண்டாம்மா. நாங்க டீ குடிச்சிட்டு வரலாம்."

"புண்ணாக்குல எம்புட்டு எண்ணெ இருக்குன்னு பாக்கத்தான இது?"

"ஆமாம்மா. அதுக்குத்தான்."

அம்மா, சார் வாங்கிவைத்த காப்பியைக் குடித்துவிட்டு, போயிட்டு வாரோம் என்று கும்பிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் வேலைக்குப் போகலாமா என்று கேட்கப் பயமாக இருந்தது.

திருத்தங்கல் தாண்டியதும் அவளே சொன்னாள். "நீ போ தாயி. அது நல்ல மிசினு."

பிறகு கொண்டை ஊசியை என்னிடமிருந்து வாங்கிச் செருகிக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாவுக்கு ஒரு சல்லடைதான் குடுத்திருந்தாக."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. திரி வெட்டப் போகாதே, என் சம்பளம் போதும் என்று அன்றும் சொன்னேன், அதற்குப் பிறகும் சொன்னேன். ஒன் கல்யாணத்துக்கு அப்புறம் பாப்போம் என்பாள். கம்பெனி திறந்ததும் சாப்பாட்டுத் தூக்கோடு வேனில் ஏறினாள். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் விருதுநகர் பஸ்ஸுக்கு நின்றேன்.

மெஷின் சொன்னபடி வேலை செய்தது. புண்ணாக்கை வைத்து, பித்தானை அழுத்திவிட்டால், அது முடிந்து கூப்பிடும் வரைக்கும் என் கைக்கு வேலையில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். அந்த நேரமெல்லாம் வாசலுக்கு வந்து சிவகாசிப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் கேட்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் நின்றேன்.