நெஞ்சில் காற்றுக் கொப்புளங்களோடு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தோம். போகவர இருபத்தைந்து கிலோமீற்றர்கூட இராது. இதற்கு ஏன் ஒரு பதிவு என்று கேட்பீர்கள். என் நுரையீரலின் மேல்நுனியில் பிறவியிலேயே சிறு காற்றுக் கொப்புளங்கள் உள்ளன. பத்தொன்பது வயதில் அவற்றில் ஒன்று வெடித்து, வலது நுரையீரல் சுருங்கி, விலாவில் குழாய் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது வயது நாற்பத்திரண்டு. சில மாதங்களாக இருமல் நிற்கவில்லை. மாடி ஏறினால் இளைக்கிறது. நாட்பட்ட நுரையீரல் நோயாகிறதோ என்ற பயத்தில்தான் கொட்டாஞ்சேனையில் ஒரு நெஞ்சுநோய் வைத்தியரிடம் நேரம் எடுத்தேன். இதே வருத்தத்தோடு கொழும்புக்குள் அலைபவர்களுக்கு இது உதவலாம்.

மனைவி நிர்மலா லீவு போட்டுவிட்டு வந்தாள். அலுவலக நெரிசல் அடங்கியபின், ஒன்பதரைக்கு ரயில் ஏறினோம். கோட்டை ரயில் நிலையத்துக்கு அரை மணித்தியாலம் போதும். பம்பலப்பிட்டியில் சிலர் இறங்க, கடல்பக்க யன்னல் கிடைத்தது. உப்புக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளும். அதுவரை நல்ல பயணம்.

கோட்டையிலிருந்து ஓட்டோ, ஐந்நூறு ரூபா. சாரதி நடுவயது முஸ்லிம் மனிதர். துறைமுகப் பக்கம் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். புகை முகத்தில் அடித்தது. இருமத் தொடங்கியவன் நிறுத்த முடியாமல் தவித்தேன். நடுவில் வலது தோள்பட்டைக்குக் கீழே ஊசி ஏற்றியதுபோல ஒரு குத்து. மூச்சைச் சின்னச் சின்னதாக எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் குத்தியது.

"என்னப்பா, ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்றாள் நிர்மலா.

"ஒண்டுமில்லை."

"என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

"குத்துது. அண்டைக்கு வெடிக்கேக்கை குத்தின அதே இடம்."

அவள் முன்னால் குனிந்து, "அண்ணை, இவருக்கு நெஞ்சில சுகமில்லை" என்றாள்.

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டுமா, தங்கச்சி?"

"எது கிட்ட?"

"நீங்க போற இடந்தான் கிட்ட. இந்த லொறியத் தாண்டினா அஞ்சு நிமிசம்." ஓட்டோவை ஒரு குறுக்கு ஒழுங்கைக்குள் விட்டார். "சேர், நீங்க பேசாதீங்க. சும்மா சாஞ்சிருங்க."

சொன்னபடியே ஐந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். வைத்தியர் நாற்பது வயதுப் பெண். நான் வந்த விதத்தைப் பார்த்ததுமே எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். "முதல்ல படம் பாப்பம். நுரையீரல் சுருங்கியிருந்தா, மூச்சின்ர பலம் பாக்க ஊதுற பரிசோதனை செய்ய ஏலாது."

படம் வரும்வரை வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். திரும்பவும் குழாய், திரும்பவும் அந்தக் கட்டில் என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

"நுரையீரல் விரிஞ்சுதான் இருக்கு" என்றார் வைத்தியர். "இருமி இருமி விலாத் தசை பிடிச்சிருக்கு. வலி கொஞ்சம் அடங்கட்டும், பிறகு ஊதுவம்."

ஒரு மணித்தியாலம் கழித்து ஊதும் கருவியின் குழாயைக் கையில் தந்து, முழுப் பலத்தோடு ஊதச் சொன்னார். பத்தொன்பது வயதுக்குப் பிறகு நான் ஒரு பலூன்கூட ஊதியதில்லை.

"வெடிக்காதோ, டொக்டர்?"

"இத்தனை மாதம் நீங்கள் இருமினதுக்கே தாங்கியிருக்கு. நான் பக்கத்திலதான் நிக்கிறன். ஊதுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். மூன்று தடவை. மருந்தை மூச்சோடு உள்ளிழுத்துவிட்டு மறுபடி மூன்று தடவை.

நான் கொண்டுபோன பழைய படங்களோடு ஒப்பிட்டதில், கொப்புளங்கள் பழைய அளவிலேயே இருக்கின்றனவாம். மூச்சுக்குழாய் இறுகியிருந்தது, மருந்துக்குப் பிறகு கொஞ்சம் திறந்தது, முழுதாக அல்ல. "நாட்பட்ட நோய் எண்டு இப்ப சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லமாட்டன். மருந்தைப் பாவிச்சு மூண்டு மாதத்தில வாங்கோ" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: துறைமுக வீதியில் போவதானால் முகக்கவசம் போடுங்கள், ஓட்டோவைவிட கண்ணாடி ஏற்றிய கார் நல்லது. பழைய எக்ஸ்ரே, ஸ்கான் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். திடீரென்று குத்தி மூச்சு முட்டினால் என்னைப்போல "ஒண்டுமில்லை" சொல்லாமல் கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தசைப்பிடிப்பா, வேறொன்றா என்பதைப் படம்தான் சொல்லும்.

ஆம், இல்லை என்று ஒரு பதிலோடு வீடு திரும்பலாம் என நினைத்துத்தான் போனேன். அது கிடைக்கவில்லை. பதில் தெரியாமல் ஒரு நாளும் இருக்க முடியாது என்றுதான் எண்ணியிருந்தேன். இன்று காலையும் இருமினேன். சற்று நின்றேன், குத்தவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.