பெரிய டிரம்முக்குள் இருந்தவன்

பேண்டு செட்டில் உள்ள பெரிய டிரம்முக்குள் ஓர் ஆள் உட்கார முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று நான் அடித்துச் சொல்வேன். முழங்காலைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் வயது இருந்தால் போதும். இப்போது எனக்குச் செருப்பு மாட்டக் குனிவதற்கே ஒரு சுவர் வேண்டியிருக்கிறது. அன்று ஏழு வயது. உடம்பு பாய் மாதிரிச் சுருண்டது. பயம் வேறு கூட நின்று சுருட்டிக் கொடுத்தது.

பயத்துக்குக் காரணம் அச்சு குத்துகிறவர். பெரியம்மை வராமலிருக்கக் கையில் குத்துவார்களே, அதற்கு எங்கள் பக்கத்தில் அச்சு குத்து என்று பேர். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலம். தோல்பையும் குடையுமாகப் புதுக்கடை என்ற ஊரிலிருந்து நடந்தே வருவார். அவரிடம் முள் முள்ளாக ஒரு சின்ன வட்டத் தகடு உண்டு. அதைத் தீயில் காட்டி, ஆறவைத்து, கையில் அழுத்தித் திருகுவார். இது வரைக்கும் நிஜம். கை பலாப்பழம் போல வீங்கி, ஒரு வாரத்தில் தோளோடு கழன்று விழும் என்பது என் பக்கத்து பெஞ்சுக்காரன் சேர்த்தது. நான் அதையும் நம்பினேன். எந்தக் கை என்று மட்டும் கேட்டேன். அது அவருக்குத் தோன்றுவதைப் பொறுத்தது என்றான். அன்றிலிருந்து இடது கையால் சோறு தின்று பழகி, அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

அவர் எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நான் ஓடிய இடம் மாமாவின் கொட்டகை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டை ஒட்டிய பறம்புத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, பழைய பேண்டு வாத்தியங்களைச் செப்பனிடுவது அவர் தொழில். அப்போது அவர் கையில் இருந்தது தேங்காய்ப்பட்டணத்துக்கு அந்தப்புறம் கடற்கரையில் இருக்கும் ஒரு மாதா கோயிலின் டிரம் செட். ஏதோ பட்டாளத்தில் கழித்துப் போட்டதை வாங்கியிருந்தார்கள். வந்தபோது உள்ளே எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வெளியே வரைந்திருந்த சிங்கத்தில் வால் மட்டும் மிச்சம். மாமா விரிசலை ஒட்டி, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, கயிறெல்லாம் மாற்றிவிட்டார். பெரிய டிரம்மின் ஒரு பக்கத்துக்குத் தோல் போடுவதுதான் பாக்கி.

அந்தத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்றுத் தோல். சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, மயிர் போக வழித்து, கண்ணாடித் துண்டால் நாள் கணக்காகச் சுரண்டி, மாமா அதை வெற்றிலை கனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். வெயிலில் பிடித்துக் காட்டி, "நரம்பு தெரியுதா பாரு மக்கா" என்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் கொடியேற்றம். அதில் அந்த டிரம்மை அடிக்கப்போகிறவரும் அவரேதான். மாற்றுத் தோல் கிடையாது.

நான் போய் நின்றபோது தோலை நனைத்து மர வளையத்தில் சுற்றி மடித்துவைத்திருந்தார். டிரம் தரையில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது.

"எங்கயாவது ஒளிச்சு வையும் மாமா. கை போச்சுன்னா பொறவு வராது."

மாமாவுக்கு விளையாட்டுப் புத்தி. என்னை ஒரு பார்வை, டிரம்மை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏறி இரிலே. மிண்டாம, சத்தம் காட்டாம இருக்கணும். பக்கத்துல காத்து ஓட்டை இருக்கு, மூச்சு வரும். நான் ரெண்டு தட்டு தட்டுனா நீ ஒண்ணு சொரண்டணும், கேட்டியா. அவரு அந்தால போனதும் எடுத்து விடுதேன்."

ஈரத்தோலை வளையத்தோடு மேலே வைத்து, கயிற்றைப் பேருக்குக் கோத்தார். ஐந்து நிமிட விளையாட்டு என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

அச்சு குத்துகிறவர் அந்தால போகவில்லை. அம்மா அவரை நேராக இங்கேயே அனுப்பியிருந்தாள். பயல் எங்கே போனாலும் கடைசியில் மாமனிடம்தான் வருவான் என்று சொல்லியிருக்கிறாள். மனிதர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையை டிரம்மோடு சாய்த்து வைத்தார். காற்று ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்த சின்ன வெளிச்சம் பொக்கென்று அணைந்தது. கை போகும் என்று வந்தவனுக்குக் கண்ணும் போய்விட்டது.

அதோடு விட்டாரா. அவருக்குப் பிறர் வேலையை வேடிக்கை பார்ப்பதில் பிரியம்.

"என்ன மேஸ்திரி, கயித்த இழுக்காம தடவிக்கிட்டு இருக்கீரு?"

"மெள்ள இழுக்கணும் சாரே."

"இப்படி மெள்ள இழுத்தா அடுத்த வருசத்துத் திருநாளுக்குத்தான் ஆவும். நான் வேணும்னா பிடிக்கட்டா?"

மாமா இழுத்துத்தான் தீரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு இழுப்புக்கும் என் தலைக்குமேல் தோல் முறுகியது. சுண்ணாம்பு வாடையோடு ஒரு சொட்டுத் தண்ணீர் கழுத்தில் விழுந்து முதுகுவழியே இறங்கியது. ரத்தம் என்று நினைத்தேன். என்னை அறியாமலே குத்திவிட்டாரோ என்று தோன்ற, இரண்டு கைகளையும் இருட்டில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தன. ஆனால் எது என் கை, எது என் கால் என்று உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

அப்போது பக்கவாட்டில் இரண்டு தட்டு.

சுரண்ட வேண்டும். விரலைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து அவர் என் காதருகே இருமினார். தட்டியது மாமாவா அவரா? சுரண்டினால் கேட்டுவிடாதா? விரலை மடக்கிக்கொண்டேன்.

மறுபடியும் இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக. நான் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிந்த பையன் எங்கள் ஊரிலேயே கிடையாது என்ற பெருமை அந்தப் பயத்திலும் எனக்கு இருந்தது.

"சாரே, அந்தப் பைய எடுங்க." மாமாவின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எடுக்கியளா மாட்டியளா?"

பிறகு தட்டவில்லை, இரண்டு கையாலும் அறைந்தார். உள்ளே இடி விழுந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது சூழ்ச்சி என்று முடிவு செய்து, கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

தோலைக் கிழிக்கும் சத்தம் கேட்டு விழித்தால், தலைக்குமேல் கத்திமுனை. கைக்கு மட்டும்தான் குத்து என்று சொன்ன பெஞ்சுக்காரன்மேல் எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. கத்தி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பாகப் போனது. வெளிச்சம் கொட்டியது. மாமா அக்குளில் கைகொடுத்து என்னை வெளியே பிடுங்கி, தரையில் கிடத்தி, நெஞ்சில் காதை வைத்தார். நான் அப்போதும் விழித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன். முதுகில் ஓர் அறை விட்டார். மூச்சு தானாக வந்தது. கட்டிப்பிடித்தார். பிறகு இன்னும் இரண்டு வைத்தார். "அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்லே, என்ன சொல்லுவேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

அச்சு குத்துகிறவர் திறந்த வாயோடு நின்றார். ஆனால் கடமை தவறாதவர். அந்தக் குழப்பத்திலேயே விளக்கைப் பொருத்தி, தகட்டைக் காட்டி ஆறவைத்து, என் இடது கையைப் பிடித்துத் திருகிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். எறும்பு கடித்த மாதிரி இருந்தது. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் டிரம் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். கத்தி இன்னும் கையில் இருந்தது. பிளந்த தோல் இரண்டு பக்கமும் தொங்கியது. ஆண்கள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அதுவும் சிரிப்புக்குப் பேர்போன மாமா, மூக்கு ஒழுக, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

பக்கத்தில் போய், குத்தாத கையால் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதியும் மாமா. வேற தோலு வாங்கலாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சிரிக்கப் போனவர் போல வாய் கோணியது. அதன் பிறகுதான் சத்தம் போட்டே அழத் தொடங்கினார். ஒரு கன்றுத் தோலுக்காக இவ்வளவு பெரிய மனிதர் இப்படியா அழுவார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தது.