இசபெல்லாவுக்கு அடித்த துக்கமணி

எட்டு மாதக் கைக்குழந்தையாக நீலம் பாரித்துக் கிடந்த இசபெல்லாவுக்கு, 1951இல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷன் செய்தார்கள். இடது கைக்குப் போகிற ரத்தக்குழாயை வெட்டி, நுரையீரல் பக்கம் திருப்பித் தைத்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தது. அந்தக் கையில் மட்டும் நாடி தட்டாது, கொஞ்சம் சூம்பலும்கூட. போகட்டுமே, வாய் சூம்பவில்லையே! ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர்கள் நூல் சுற்ற அவளைக் கூப்பிடுவதே அந்தப் பேச்சைக் கேட்கத்தான்.

பதினாறு வயதில் பழைய இரைப்பு திரும்பி வந்தது. நாலு படி ஏறினால் உதடு கறுத்தது. உடம்பு வளர்ந்துவிட்டது, அன்றைக்குத் தைத்த வழி இப்போது போதவில்லை, மறுபடி ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். இசபெல்லா தயார். அம்மா வேளாங்கண்ணிதான் ஒரே பிடிவாதம்.

"ஒருக்கா அறுக்கக் குடுத்ததே போதும். இன்னொருக்கா என்னால ஆகாது."

அப்பா இல்லாத வீடு. அம்மா கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நடக்காது. இசபெல்லாவுக்கு ஆத்திரமாக வந்தது. உசுரு யாருடையது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மாவுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தவள், தெருவிலேயே மயங்கி விழுந்தாள். அந்தப் பக்கம் வந்த வெளியூர் வைத்தியர் அர்த்தநாரி ஓடிவந்தார். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பதுதானே நாடி பார்க்கிற முறை! இடக்கையைப் பிடித்தார், அமுக்கினார், முகம் தொங்கிப்போனது.

"முடிஞ்சு போச்சுங்க."

ஒப்பாரி கிளம்பியது. வேளாங்கண்ணி ஓடிவந்து மகள் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். உபதேசியார் பாக்கியநாதன் படு சுறுசுறுப்பு. பங்குச் சாமியாரைக்கூடக் கேட்காமல் கோயிலுக்கு ஓடித் துக்கமணியை அடித்துவிட்டார்.

அந்தச் சத்தத்தில் இசபெல்லா கண் விழித்தாள்.

"ஆருக்குங்க மணி அடிக்குது?"

கூட்டம் பத்தடி பின்வாங்கியது. "உனக்குத்தான், சாமி," என்றார் வைத்தியர்.

"எனக்குங்களா? அட, அந்தக் கையில நாடி என்னைக்குங்க இருந்துச்சு? வலது கையத் தொட்டுப் பாருங்க!"

தொட்டார். "அடேங்கப்பா, குதிக்குதுங்களே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வேளாங்கண்ணி சிரிக்கவில்லை. முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு மகளிடம் சொன்னாள்:

"மணி அடிக்கறப்ப ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். அந்தக் கையெழுத்தப் போட்டிருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமேன்னு. போடறேன், சாமி. நாளைக்கே போலாம்."

இசபெல்லாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. வாழ்க்கையில் முதல் முறையாகப் பயம் வந்தது. அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் கூடவே இருப்பியாம்மா?"